முதல் நாளின் திரைச்சீலை

டேப் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பதிவேட்டில் ஒரு முறை, வங்கிப் புத்தகத்தில் ஒரு முறை வெளியே வந்ததோடு சரி. இருபத்தாறு வருடமாகக் கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாக ஜன்னல் அளக்கும் பெண்ணை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

திரைச்சீலை தைப்பது அவள் தொழில். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஜன்னலைப் பார்ப்பாள், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பாள். பழைய துணியின் ஓரத்தில் முழங்கால் உயரத்தில் அழுக்கு இருந்தால் வீட்டில் தவழ்ந்து எழுந்த குழந்தை உண்டு. ஒரு பக்க வளையம் மட்டும் தேய்ந்திருந்தால் யாரோ தினமும் அந்தப் பக்கமாக விலக்கி, வரவேண்டியவரை எட்டிப் பார்க்கிறார். இதைக் கேட்டுச் சிலர் அவளுக்குக் குறி சொல்லத் தெரியும் என்று நம்பி, பெண்ணின் கல்யாணம் எப்போது நடக்கும் என்று கேட்டதுண்டு. "குறியும் இல்ல, கிறியும் இல்ல. அழுக்கு எங்க இருக்குன்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்பாள். எந்தக் கலர் ராசி என்று கேட்டவர்களுக்கு வேறு பதில் வைத்திருந்தாள். "சூரியனுக்கு ராசி தெரியாதும்மா. இது மேற்கு ஜன்னல். சிவப்பு போட்டா ரெண்டு வருஷத்துல வெளுத்துடும். அப்புறம் என்னைத் திட்டுவீங்க."

பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல். அண்ணன் மூன்று பாடத்தில் தோற்றவன். ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று வீட்டு ஆண்கள் உட்கார்ந்து பேசினார்கள். தோற்றவன் மறுபடி பரீட்சை எழுதிக் கல்லூரிக்குப் போனான். முதலில் வந்தவள் தையல் மிஷினை மிதித்தாள். விதி என்று அத்தைமார்கள் ஆறுதல் சொன்னார்கள். பத்தாவது படித்த பெண்ணுக்கு அதிலேயே ஒரு சந்தேகம் வந்துவிட்டது: விதி எழுதியிருந்தால், அப்பாவும் சித்தப்பாவும் எதற்காக அவ்வளவு நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்?

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. நூலகத்தில் சேர்ந்தாள். தைக்கிற நேரம் போக, கிடைத்ததையெல்லாம் படித்தாள். அந்த நூலகத்தின் மாடியில்தான் திரைப்படச் சங்கத்தின் கூடம் இருந்தது.

மேற்கே பார்த்த எட்டு ஜன்னல்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கம் படம் போடும்போது வெயில் நேராகத் திரையில் வந்து விழும். கதாநாயகி அழுதாளா சிரித்தாளா என்று உறுப்பினர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் புகாத கறுப்புத் துணியில் எட்டுத் திரைச்சீலைகள் தைக்க டேப் அக்காவைக் கூப்பிட்டார்கள். மாட்டி முடித்த ஞாயிறு, எங்காவது கீற்று விழுகிறதா என்று பார்ப்பதற்காக அவள் பின்சுவரோரம் நின்றாள். படம் ஓடியது. கீற்று விழவில்லை. அடுத்த ஞாயிறும் வந்து நின்றாள்.

"இன்னும் எதாவது சரி பண்ணணுமாம்மா?" என்று செயலாளர் கேட்டார். ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், மென்மையான மனிதர். யாரிடமும் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது, ஆமாம் என்று சொல்லப் பயம்.

"துணி புதுசு சார். தொங்கத் தொங்கக் கொஞ்சம் இறங்கும். பாத்துக்கணும்."

அந்தத் துணி ஏழு மாதம் இறங்கியது. ஏழு மாதமும் அவள் நின்றுகொண்டே படம் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், "எனக்கும் ஒரு நாற்காலி வேணும் சார். உறுப்பினரா சேத்துக்குங்க" என்று கேட்டேவிட்டாள்.

செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பட்டதாரிகள்தான் உறுப்பினராகலாம். பட்டம் இல்லாதவர் சேர விரும்பினால், உறுப்பினர்கள் முன் ஒரு படத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசி, பெரும்பான்மை வாக்கு வாங்க வேண்டும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் அப்படிப் பேசியதில்லை. பேசட்டும் என்று அந்த விதியை எழுதியவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சங்கத்தின் துணைத்தலைவர் பல் டாக்டர். பல் பிடுங்கப் படித்த படிப்பைக் காட்டி உள்ளே வந்தவர். அந்தப் படிப்புக்கும் படம் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரை யாரும் பத்து நிமிடம் பேசச் சொல்லவில்லை. பதினொரு வருடமாக அங்கே படம் ஓட்டும் எலக்ட்ரீஷியனுக்கும் உறுப்பினர் அட்டை கிடையாது. உறுப்பினர்களுக்குப் படம் காட்டலாம். உறுப்பினரோடு உட்கார்ந்து பார்க்கக் கூடாது.

"பேசறேன்" என்றாள் டேப் அக்கா.

அந்த மாதம் வந்த படத்தை இரண்டு ஞாயிறு போடுவதாக இருந்தது. முதல் ஞாயிறு பார்க்க வேண்டும், இரண்டாவது ஞாயிறு பேச வேண்டும்.

படம் வேற்று மொழி. கீழே எழுத்து ஓடும். மனைவியை இழந்த ஒரு கிழவர் வீட்டை விற்கப்போகிறார். வாங்க வந்த இளம்பெண் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்: கதவில் ஏன் கீறல், தரையில் ஏன் கறை. கிழவர் சொல்லச் சொல்ல அந்தப் பழைய நாள் அதே அறையில் நடக்கிறது. இதுவரை புதிதல்ல. புதிது என்னவென்றால், கிழவர் நடுவில் திருத்துவார். "அன்று நல்ல மழை" என்பார்; மனைவி நனைந்துகொண்டு உள்ளே வருவாள். "இல்லை இல்லை, மழை மறுநாள்" என்பார். பாதிச் சொட்டில் மழை நின்று, அவள் தலை உலர்ந்துவிடும். "நாய் குறுக்கே வந்தது" என்பார். வந்த நாய் வாலாட்டும். "அந்த நாய் அதற்கப்புறம்தான் வாங்கினோம்" என்றதும், அழையாத விருந்தாளி மாதிரி அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போகும். ஒரு காட்சியில் மனைவியின் செருப்பை நாலு தடவை மாற்றுகிறார். நினைவுக்குள் இருக்கிற மனைவியே திரும்பி நின்று, "எதையாவது ஒன்றை முடிவு செய்யுங்கள், கால் வலிக்கிறது" என்று சத்தம் போடுகிறாள்.

டேப் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சங்கத்தில் சிரிப்பதென்றால் மூக்கால் சிரிப்பதுதான் வழக்கம்.

கடைசிக் காட்சி, புதுமணத் தம்பதியாக அந்த வீட்டுக்குள் இருவரும் நுழைந்த முதல் நாள். கிழவர் அதைப் பதினொரு முறை திருத்துகிறார். டேப் அக்கா விரல்விட்டு எண்ணினாள். கடைசியில் திருத்த ஒன்றும் மிச்சமில்லை. வெறும் அறை, இரண்டு பேர், ஜன்னலில் மஞ்சள் திரைச்சீலை. அதில் வெயில். ஓரத்தில் நின்று கிழவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தத் துணியைப் பார்த்ததும் டேப் அக்காவின் முதுகு நிமிர்ந்தது.

துணியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நிறம் அழுத்தமாக இருந்தது. மேலே வெளுத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே நேர்கோடாக ஒரு தடம். அவளுக்கு அது பாலர் பாடம். திரைச்சீலையின் அடி ஓரத்தை அகலமாக மடித்துத் தைத்திருப்பார்கள். பல வருடம் கழித்து நீளம் போதவில்லை என்று மடிப்பைப் பிரித்து இறக்கினால், உள்ளே வெயில் படாமல் இருந்த பகுதி பழைய நிறத்தில் அப்படியே இருக்கும். மடிப்பு இருந்த இடத்தில் கோடு விழும். அந்தக் கோடு எத்தனை சலவைக்கும் போகாது. அந்த மடிப்பைப் பிரிக்கிற காட்சியும் படத்தில் இருந்தது: ஜன்னலுக்குக் கீழே குளிர்காற்று புகுகிறது என்று, காதோரம் நரைத்த மனைவி தரையில் உட்கார்ந்து துணியைப் பிரித்து இறக்கித் தைக்கிறாள். நரைத்த பிறகு இறக்கிய துணி, கல்யாணமான முதல் நாளே எப்படி அங்கே தொங்கும்?

வீட்டுக்குப் போனதும் கணவனைப் பிடித்துக்கொண்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்தவர், நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

"என்னங்க, படத்துல ஒரு தப்பைப் பிடிச்சுட்டேன்! அத்தனை படிச்சவங்க இருந்தாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல."

"கிழவர் கதை எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு."

"கதை அருமைங்க. நாய் ஒண்ணு வந்துட்டு வெக்கப்பட்டுத் திரும்பிப் போகும் பாருங்க, அடேயப்பா! ஆனா கடைசியில கோட்டை விட்டுட்டாங்க. துணி தப்பு."

"ஒலகத்துல காதல் படம் பாத்துட்டு வந்து துணி தப்புன்னு சொல்ற ஒரே பொம்பளை நீதான்."

"கிண்டல் பண்ணாதீங்க. நான் என்னத்தைப் பேசறது அங்க? ஒளி, நிழல், குறியீடுன்னு அவங்க பேசற மாதிரி எனக்கு வராது. எனக்குத் தெரிஞ்சதை வெச்சுத்தான நான் ஜெயிக்க முடியும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். எனக்கு லிஃப்ட் வர்ற படம்னா மோட்டார் சத்தம் தப்புன்னுதான் தோணும். போ, போய்ப் பிச்சு உதறு."

அடுத்த ஞாயிறு முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். கணவன் கீழே வாசிப்பறையில் காத்திருந்தார்; மாடிக்கு அவருக்கு அனுமதி இல்லை. பேச்சு முதலில், படம் அப்புறம் என்று ஏற்பாடு. கழுத்து டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று மகள் சொல்லியிருந்தாள். கழற்றினால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, திரும்பப் போட்டுக்கொண்டாள்.

பேச்சு எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. மடிப்பு என்றால் என்ன, வெயில் துணியை எப்படித் தின்னும், கோடு ஏன் போகாது என்று கறுப்புத் திரைச்சீலை ஒன்றின் ஓரத்தைத் தூக்கிக் காட்டியே விளக்கினாள். கூடம் சத்தமில்லாமல் கேட்டது. பல் டாக்டர்கூடத் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான் சொல்றாங்க. படக்குழுவோட கவனக்குறைவு. பெரிய படங்கள்லயே இப்படி நடக்கும். நானும் லேசா கவனிச்சேன்" என்றார்.

"கவனிச்சீங்களா டாக்டர்? போன வாரம் ஒண்ணும் சொல்லலையே" என்றார், நர்ஸிங் பட்டம் படித்து ஓய்வு பெற்ற மருத்துவச்சி ஒருவர். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. இந்த முறை மூக்கால் அல்ல.

செயலாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இத்தனை சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. "அபாரமான கண்ணும்மா உங்களுக்கு. வாக்கெடுப்புக்குப் போயிடலாமா?"

"ஒரு நிமிஷம் சார். நான் சொன்னதை யாரும் நம்ப வேணாம், கண்ணால பாத்துட்டு கையைத் தூக்கட்டும். தம்பி, அந்தம்மா மடிப்பைப் பிரிக்கிற இடத்தைக் கொஞ்சம் போடுங்க."

எலக்ட்ரீஷியன் விளக்கை அணைத்து, படத்தை ஓட்டித் தேடினார். அவசரத்தில் கொஞ்சம் தாண்டி நிறுத்திவிட்டார். திரையில் மடிப்புப் பிரிக்கும் காட்சி இல்லை. கிழவரும் வீடு வாங்க வந்த பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள். "பின்னாடி போறேன்க்கா" என்றார்.

"இருங்க" என்றாள் டேப் அக்கா.

கிழவரின் தோளுக்குப் பின்னால், சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. அதே ஜன்னலுக்கு முன்னால் இளவயதில் இருவரும் பெட்டியோடு நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்த முதல் நாள். போன ஞாயிறு இந்தக் காட்சியில் அவள் நிஜ ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த ஜன்னலைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். புகைப்படத்தில் திரைச்சீலை குட்டையாக இருந்தது. ஜன்னல் விளிம்புக்கு ஒரு சாண் மேலேயே நின்றிருந்தது. கோடு இல்லை, கீழே அழுத்தமான நிறம் இல்லை. அகல மடிப்பு, புதுத் துணி.

முதல் நாள் துணி எப்படி இருந்தது என்று படம் எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து, புகைப்படத்தில் சரியாக மாட்டிவிட்டு, கிழவரின் நினைவில் வேண்டுமென்றே வேறு துணியை மாட்டியிருக்கிறார்கள்.

திரும்பிப் பார்த்தாள். முப்பத்தோரு பேரும் மடிப்புக் காட்சிக்காகக் காத்திருந்தார்கள். புகைப்படத்தை யாரும் பார்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு நிமிடம் நின்றால் போதும்; ஏழு மாதமாக நின்ற கால் அன்றைக்கே உட்கார்ந்துவிடும். தெரியாமல் சொன்னது வரைக்கும் அது தப்பு. தெரிந்த பிறகும் சொன்னால் அது பொய். கண்ணெதிரே சான்று தொங்கும்போது வேறு பக்கம் பார்த்தவர்களால்தான் தன் படிப்பே போனது என்று அவளுக்குத் தெரியும்.

"சார், வாக்கெடுப்பு வேணாம். நான் சொன்னது தப்பு."

செயலாளரின் மலர்ச்சி வாடியது. "என்னம்மா இது, எல்லாம் கூடி வர்ற நேரத்துல?"

"படத்துல தப்பு இல்ல சார். நான் பாத்ததுலதான் தப்பு. அந்த ஃபோட்டோவைப் பாருங்க." டேப்பின் நுனியை நீட்டித் திரையில் காட்டினாள். "இதுதான் முதல் நாள் தொங்கின துணி. குட்டை. அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் கிழவர் சொல்ற முதல் நாள்ல நீளத் துணி தொங்குது? மழையைத் திருத்தினார். செருப்பைத் திருத்தினார். அந்தப் பாவப்பட்ட நாயைக்கூட வெளிய அனுப்பினார். இந்தத் துணியை மட்டும் திருத்தல. ஏன்னா தப்புன்னே அவருக்குத் தோணல. அந்தம்மா தரையில உக்காந்து பிரிச்சு இறக்கின துணி அது. அதைப் பாத்துப் பாத்து, அந்த ஜன்னல்ல வேற துணி எப்பவாவது இருந்துச்சுன்னே அவருக்கு ஞாபகம் இல்ல. அந்தம்மா கை படாத ஒரு நாளை அவரால நினைக்கவே முடியல. கல்யாணமான முதல் நாள்கூட."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அந்தம்மாவை ரொம்பப் புடிச்சிருந்துச்சுன்னு அந்த ஆள் ஒரு எடத்துலயாவது சொல்றாரா? சொல்லவே இல்ல. துணியை வெச்சுச் சொல்லியிருக்காங்க. துணிக்காரி நான், எனக்குத்தான் முதல்ல புரிஞ்சிருக்கணும். நான் என்னடான்னா தப்பு கண்டுபிடிச்சேன்னு ஒரு வாரமா குதிச்சுட்டு இருந்தேன்."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இந்தாம்மா, அப்ப ஒன்பது நிமிஷம் நீங்க தப்பாப் பேசியிருக்கீங்க. விதிப்படி பத்து நிமிஷம் பேசணும். இதை எப்படிக் கணக்குல எடுக்கறது?"

"ஒன்பது நிமிஷம் தப்பு, ஒரு நிமிஷம் சரி டாக்டர். மறைக்கல. அந்த ஒன்பது நிமிஷமும் நீங்க தலையாட்டினீங்க. அதை மட்டும் எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்கும் தெரியல."

மருத்துவச்சி கைதட்டினார். டாக்டர் முதலில் முறைத்தார். பிறகு, ஆச்சரியமாக, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் கர்வம் பிடித்தவர்தான். ஆனால் பல் வலிக்கிற இடத்தில் விரல் வைத்தால் வலிக்கத்தான் செய்யும் என்பதை மறுக்க முடியாத தொழிலில் இருப்பவர்.

"சரி, கடைசிக் காட்சியைப் போடுங்க. கவனக்குறைவுன்னு சொன்னது நான்தான், ஒழுங்காப் பாத்துடறேன்" என்றார்.

எலக்ட்ரீஷியன் போட்டார். வெறும் அறை, இரண்டு பேர், வெயில், கோடு விழுந்த மஞ்சள் துணி. போன வாரம் பார்த்த அதே காட்சிதான். யாரோ மெதுவாக மூக்கை உறிஞ்சினார்கள். டேப் அக்கா பின்சுவரோரம், வழக்கமான இடத்தில் நின்று பார்த்தாள். ஜன்னலை முதலில் பார்ப்பது அவள் பழக்கம். அன்று முதல்முறையாக, அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த ஆள் சந்தோஷமாக இருந்தார்.

விளக்கைப் போட்டுக் கைகளை எண்ணினார்கள். பத்தொன்பது பேர் ஆதரவு, எட்டுப் பேர் எதிர்ப்பு. நாலு பேர் எதற்கும் கை தூக்கவில்லை. அவர்களில் டாக்டரும் ஒருவர். "நான் துணைத்தலைவர், நடுநிலையா இருக்கணும்" என்று அவராகவே விளக்கம் சொன்னார். யாரும் கேட்டிருக்கவில்லை.

செயலாளர் முன்வரிசையில் ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க. நீங்க இப்ப உறுப்பினர்."

டேப் அக்கா உட்கார்ந்தாள். நாற்காலி அப்படியொன்றும் சுகமாக இல்லை. ஒரு கால் குட்டை. ஒரு பக்கம் சாய்ந்தபடியே கேட்டாள்:

"சார், உறுப்பினர்னா தீர்மானம் கொண்டு வரலாமா?"

"வரலாமே. என்ன தீர்மானம்?"

"பட்டம் இருந்தாத்தான் சேரலாம்ங்கற விதியை எடுத்துடணும். அந்தப் பத்து நிமிஷப் பேச்சையும் எடுத்துடணும். எடுக்க முடியாதுன்னா, இங்க இருக்கற எல்லாரும் ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசட்டும். நான் இங்கதான் உக்காந்திருக்கேன், கேக்கறேன்."

கூடத்தில் சலசலப்பு. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மருத்துவச்சி, "நான் வழிமொழியறேன்" என்று எல்லோருக்கும் மேலாகச் சத்தம் போட்டார். படம் ஓட்டும் மேசைக்குப் பின்னாலிருந்து எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, எனக்காகவெல்லாம் சண்டை போடாதீங்க. நான் இங்கிருந்தே நல்லாப் பாக்கறேன்."

"நீங்க நல்லாப் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. அவங்களுக்குத் தெரிய வேணாமா? சும்மா இருங்க."

செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, உறுப்பினராகி இன்னும் அஞ்சு நிமிஷம்கூட ஆகல. உங்க அட்டையே அச்சாகி வர ரெண்டு வாரம் ஆகும். அதுக்கப்புறம் நிதானமா எழுதிக் குடுங்களேன்."

"அட்டை மெதுவா வரட்டும் சார்" என்றாள் டேப் அக்கா. "பேனா இருந்தா இப்பவே குடுங்க."